ஆள் போன பிறகும் ஓடுகிற ஒரு உதவித் திட்டம் சொல்லுங்கள்

கேள்வி (ஜனவரி 6)

ஐ.நா., உலக வங்கி, வெளிநாட்டு அறக்கட்டளை என்று எத்தனையோ பேர் ஏழைக் கிராமங்களுக்காகப் பணம் செலவழிக்கிறார்கள். எங்கள் பக்கம் நான் பார்த்ததெல்லாம் துருப்பிடித்த பெயர்ப்பலகைகள்தான். எல்லா அறிக்கையிலும் "நிலைத்த வளர்ச்சி" என்று மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். நிதி நின்று, ஜீப் திரும்பிப் போய், பத்து இருபது வருஷம் கழித்தும் ஓடிய ஒரே ஒரு விஷயத்தை யாராவது சொல்ல முடியுமா? கொள்கை வேண்டாம். பொருளின் பெயரைச் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

அடிபம்பு.

ஜனவரி 7

ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டுத் தூங்கப் போனதற்குத் திட்டு விழுந்திருக்கிறது. சரி, விரிவாகவே சொல்கிறேன்.

ஊர் முக்கில் நிற்கிற, நீளமான இரும்புக் கைப்பிடி வைத்த பம்புக்கு இந்தியா மார்க் 2 என்று பெயர். கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. 1966-67-ல் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் கடும் வறட்சி. பாறைப் பகுதிகளில் கிணறு வெட்டித் தண்ணீரை எட்ட முடியவில்லை. யுனிசெஃப் பாறை துளைக்கும் ரிக்குகளை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. அப்புறம் மற்ற மாநிலங்களிலும் போர் (ஆழ்துளைக் கிணறு) போடும் வேலை பரவியது. போர் போட்டார்கள், மேலே ஒரு பம்பை வைத்தார்கள், அடுத்த ஊருக்குப் போனார்கள்.

வைத்த பம்பு என்ன பம்பு? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு குடும்பம் அடிக்கிற வார்ப்பிரும்பு மாடலின் நகல். அதை ஒரு ஊரே விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை அடித்தது. 1970-களின் நடுவில் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிராவிலும் கணக்கெடுத்தபோது நாலில் மூன்று பம்பு வேலை செய்யவில்லை.

ஆக, கேள்வி கேட்ட நண்பர் சொல்கிற துருப்பிடித்த பலகைக் கதை இதே பம்பு விஷயத்தில் முதலில் நடந்து முடிந்துவிட்டது. அதற்கு அடுத்து என்ன செய்தார்கள் என்பதற்காகத்தான் அடிபம்பு என்று எழுதினேன். வழக்கமாக இந்த இடத்தில் திட்டத்தை மூடிவிட்டு வேறு பெயரில் புதுத் திட்டம் தொடங்குவார்கள்.

ஜனவரி 7, மாலை

"யுனிசெஃப் கண்டுபிடித்த பம்பு" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. மகாராஷ்டிராவில் ஜால்னா என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ மிஷனின் தண்ணீர்த் திட்டத்தில் வேலை செய்தவர்கள், பம்பு உடைந்து உடைந்து சலித்துப்போய், வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகில் ஒரு பம்பு செய்துகொண்டார்கள். அதை சோலாப்பூரில் இன்னொரு பட்டறை மேம்படுத்தியது. சோலாப்பூர் பம்பு என்றே அதற்குப் பெயர். யுனிசெஃப் ஆட்கள் செய்த புத்திசாலித்தனம், உடையாமல் நிற்கிற பம்பு எது என்று சுற்றிப் பார்த்து, அதிலிருந்து தொடங்கியது. தங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு டிசைனரை வரவழைத்து வெள்ளைத்தாளில் தொடங்கவில்லை.

மாதிரி பம்புகளை வைத்துச் சோதித்தது நம் கோவை சுற்றுவட்டாரத்தில், 1976-77-ல். ஆழமான போர், கூட்டமான குழாயடி, இரண்டும் வேண்டும் என்று பார்த்திருக்கிறார்கள். அப்புறம் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் உற்பத்தி. 1979-ல் ஐ.எஸ். 9301 என்று இந்தியத் தர எண்ணும் வந்துவிட்டது. காப்புரிமை கிடையாது. அளவு, எஃகின் தடிமன், போல்ட்டின் மரை எல்லாம் காகிதத்தில் பகிரங்கமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் யுனிசெஃப் காசில் வாங்குகிற பம்பு ஒவ்வொரு லாட்டும் வெளி ஆய்வாளர் சோதித்துப் பார்த்த பிறகுதான் போகும்.

இந்தத் தர எண் விஷயத்தை யாரும் சட்டைசெய்வதில்லை. தர எண் இருப்பதால் சேலத்தில் வாங்கிய செயின் ராஜஸ்தானில் செய்த பம்புக்கும் பொருந்தியது. நாளைக்குக் கம்பெனி மூடினாலும் பாகம் கிடைக்கும். நீடிப்பது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

ஜனவரி 9

என் பெரியப்பா பல்லடம் பக்கம் பஞ்சாயத்து யூனியனில் பம்பு மெக்கானிக்காக இருந்தவர். அதனால்தான் இவ்வளவு பேச்சு. பள்ளி விடுமுறையில் அவரோடு போயிருக்கிறேன்.

அடிபம்பில் கெட்டுப்போவது பெரும்பாலும் மேலே இல்லை. மேலே கைப்பிடி, பேரிங், செயின். பேரிங் மூடின பேரிங், ஊர்க்காரர் தொடவே வேண்டாம். செயினுக்குக் கிரீஸ் வைத்து, நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தால் போதும். தேய்கிறது எங்கோ கீழே, நூறடிக்கு மேல் ஆழத்தில், சிலிண்டருக்குள் இருக்கிற வாஷர். தோல் வாஷர், ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். அது தேய்ந்தால் அடிக்க அடிக்கக் காற்றுதான் வரும். அந்த ஒரு வாஷரை மாற்ற மொத்தக் குழாயையும் மேலே உருவ வேண்டும். பத்தடிக் குழாய் ஒவ்வொன்றாக, மூன்று கால் ஸ்டாண்டு போட்டு, கிளாம்பு பிடித்து, கழற்றிப் பக்கத்தில் அடுக்கி, நடுவில் வரும் கம்பியையும் கழற்றி... நாலு ஆள் வேலை. தண்ணீர் நிறைந்த குழாய் கை நழுவிக் கீழே போய்விட்டால் அந்த போரே போச்சு. பெரியப்பா கிளாம்பு போடும்போது யாரையும் பேசவிடமாட்டார். புது வாஷரை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போட்டுவிடுவார். சைக்கிள் டியூபைப் பை மாதிரி சுருட்டி அதற்குள் நட்டு, காட்டர் பின் எல்லாம் போட்டு வைத்திருப்பார்.

அந்த வாஷர் என்ன விலை இருக்கும்? ஒன்றுமில்லாத விலை. அதை மாற்றுகிற நாலு ஆளும், வண்டியும், டீசலும்தான் விலை.

ஜனவரி 9, இரவு

எழுத விட்டுப்போனது. தமிழ்நாட்டில் இதற்கு மூன்றடுக்கு ஏற்பாடு இருந்தது. ஊரில் பம்புப் பக்கத்தில் குடியிருக்கிற ஒருவர் பராமரிப்பாளர். அவருக்கு இரண்டு நாள் பயிற்சி, ஸ்பேனர், சம்பளம் கிடையாது. யூனியனில் சுமார் 100 பம்புக்கு ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. பராமரிப்பாளரிடம் முகவரி அச்சடித்த அஞ்சலட்டைகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். பம்பு கெட்டால் தபால் பெட்டியில் போட வேண்டும். போன் இல்லாத ஊரில் இதைவிடச் சுலபமான வழி என்ன இருக்கிறது? இன்றைக்கு இதற்கு ஒரு செயலி செய்து விருது வாங்கியிருப்பார்கள்.

ஜனவரி 12

"அப்படியானால் ஊர் மக்கள் பங்கேற்புதான் ரகசியம்" என்று ஓசூர் நண்பர் முடித்துவிட்டார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொஞ்சம் கோபமும் உண்டு.

பெரியப்பாவுக்கு யூனியனில் மாதச் சம்பளம் வந்தது. வண்டிக்கு டீசல் அரசாங்கம் போட்டது. வாஷர் ஸ்டோரிலிருந்து வந்தது. ஊர்க்காரர் செய்தது நட்டு இறுக்கியது, அட்டை போட்டது. இரண்டும் தேவைதான். ஆனால் அந்தப் பம்புகள் வருஷக்கணக்கில் ஓடியது அரசாங்கச் சம்பளப் பட்டியலில் ஒரு மெக்கானிக் பணியிடம் இருந்ததால். உதவி நிறுவனம் செய்த மிகப் பெரிய வேலை அந்தப் பணியிடத்தை உருவாக்கும்படி மாநில அரசை ஒத்துக்கொள்ள வைத்தது என்று நினைக்கிறேன். பம்பு கொடுத்தது அதற்கு அடுத்துதான்.

1990-களில் காற்று மாறியது. "ஊரே உரிமையாளர், ஊரே பராமரிக்கட்டும்" என்ற கொள்கை உலக அளவில் வந்தது. 2002-ல் மத்திய அரசின் ஸ்வஜல்தாரா திட்டத்தில் மூலதனச் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு, பராமரிப்புச் செலவு முழுக்க மக்கள் தலையில். ஜல் ஜீவனிலும் பொதுவாக 10, மலைப்பகுதிகளில் 5 சதவீதம் என்று இருக்கிறது. நகரத்தில் எந்தத் தெருவையாவது கூப்பிட்டு, "மெயின் பைப் உடைந்தால் நீங்களே கமிட்டி போட்டு, வசூல் செய்து, ஆளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யுங்கள், இது உங்கள் அதிகாரம்" என்று சொல்வார்களா? அண்ணாநகரில் சொல்லிப் பார்க்கட்டும். ஏழைக்கு மட்டும்தான் இந்தப் பங்கேற்பு.

ஜனவரி 13

நேற்று எழுதியதில் இன்னொரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும். "ஊர்" என்று ஒற்றையாகப் பேசுகிறோம். பம்பை எங்கே நடுவது என்று முடிவுசெய்த ஊர் எது? போர் போடும் வண்டி வந்து நின்றால் யார் வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போவார்கள் என்று தமிழ்நாட்டில் பிறந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. பராமரிப்பாளரும் பம்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான். காலனியில் தனி பம்பு வைத்த இடங்களில் காலனி ஆட்கள் நிம்மதியாகத் தண்ணீர் பிடித்தார்கள். வைக்காத இடங்களில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு யாராவது அடித்து ஊற்றுவார்களா என்று காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நிறுவனங்களின் அறிக்கையில் அந்த ஊருக்கும் "நீர் வசதி உண்டு" என்றுதான் இருக்கும்.

பெரியப்பா காலனி பம்பைத்தான் முதலில் பார்ப்பார். கேட்டால், "அவங்களுக்கு வேற கெணறு இல்லீங்க, இவங்களுக்குத் தோட்டத்துல இருக்கு" என்பார். அதற்காக யூனியன் ஆபீஸில் ஒருவர் இவர் மேல் மொட்டைக் கடிதம் போட்டதும் உண்டு.

ஜனவரி 16

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் இழை எங்கேயோ போயிருக்கிறது. கோழி வளர்ப்பு, பால் பண்ணை, மைக்ரோ கடன். நான் பம்பை விடுவதாக இல்லை.

எதிர் உதாரணம் ஒன்று: பிளேபம்ப். தென்னாப்பிரிக்காவில் வந்தது. குழந்தைகள் சுற்றுகிற ராட்டினத்தைப் பம்போடு இணைத்துவிட்டார்கள். குழந்தை விளையாடும், தண்ணீர் மேலே தொட்டிக்குப் போகும், தொட்டியின் நாலு பக்கமும் விளம்பரம், அந்த வருமானத்தில் பராமரிப்பு. கேட்கவே இனிக்கிறது இல்லையா? 2006-ல் அமெரிக்காவில் அப்போதைய அதிபரின் மனைவி லாரா புஷ் மேடையேறி 1.64 கோடி டாலர் அறிவித்தார். 2010-க்குள் 4,000 பம்பு என்பது இலக்கு. ஒரு பம்பு சுமார் 14,000 டாலர். அந்தக் காசில் நாலு சாதாரணப் பம்பு அமைக்கலாம் என்று வாட்டர்எய்ட் என்ற தொண்டு நிறுவனம் சொன்னது.

குழந்தை எத்தனை மணி நேரம் விளையாடும்? விளையாடாத நேரத்தில் அந்த ராட்டினத்தைக் குனிந்து தள்ளியது பெண்கள், கிழவிகள். மொசாம்பிக்கில் ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்த ஊர்களும் உண்டு. கெட்டுப்போனால் பக்கத்து ஊர் மெக்கானிக்குக்கு இதைத் திறக்கவே தெரியாது. பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லைக் கழற்றிவிட்டு, பேரன் சைக்கிள் மிதித்தால் மாவு ஆட்டும் எந்திரம் வைத்த மாதிரி. சில வருஷத்தில் விரிவாக்கம் நின்றுபோனது. படம் எடுக்க மட்டும் இதைவிட நல்ல பம்பு உலகத்தில் இல்லை. கொடுப்பவரைச் சந்தோஷப்படுத்துகிற டிசைனும் அடிக்கிறவரைச் சந்தோஷப்படுத்துகிற டிசைனும் எங்கே பிரிகிறது என்று காட்ட நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

ஜனவரி 16, சற்று நேரம் கழித்து

ஆப்பிரிக்கா என்றால் எல்லாமே தோல்வி என்ற தொனி வேண்டாம். ஜிம்பாப்வேயின் புஷ் பம்பு (நாட்டுப்புறத்துக்கான கைப்பம்பு) பழைய மாடல், பல தசாப்தங்களாகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள், அதற்கும் காப்புரிமை கிடையாது. உகாண்டாவில் யு2 என்று சொல்வது நம் மார்க் 2 தான். 2009-ல் ஒரு நிபுணர் வலையமைப்பு தொகுத்த கணக்கில் சகாராவுக்குத் தெற்கே மூன்றில் ஒரு கைப்பம்பு ஓடவில்லை. மூன்றில் இரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் படிக்கலாம், மனநிலையைப் பொறுத்து.

ஜனவரி 20

"வாஷர் கிடைத்து, மெக்கானிக் இருந்தால் போதுமா?" என்று ஒருவர் கேட்டார். போதாது. இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தது வங்கதேசத்தைப் பற்றித்தான்.

அங்கே குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தன. 1970-களிலிருந்து யுனிசெஃப்பும் அரசாங்கமும் ஆழமில்லாத குழாய்க் கிணறுகளைப் பரப்பினார்கள். இது நான் சொன்ன எல்லாப் பரீட்சையிலும் தேறும். வண்டல் மண், கையாலேயே போர் இறக்கலாம். பம்பு ஊர்ச் சந்தையில் கிடைக்கும். மிஸ்திரி பக்கத்துத் தெருவில். உதவியே தேவையில்லாமல் மக்கள் சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலான கிணறுகள் அப்படிப் போட்டவைதான். நிலைத்தது, பரவியது, வெளிக் கை இல்லாமல் தானே ஓடியது.

1993-ல் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருப்பது தெரிந்தது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் இயற்கையாகவே இருப்பது. நிறமில்லை, வாசனையில்லை. உள்ளங்கையில் தடித்த புள்ளிகள், அப்புறம் புற்று. 2000-த்தையொட்டிய சில வருஷங்களில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று பம்பு மூக்கில் பெயின்ட் அடித்தார்கள். பத்தில் மூன்று சிவப்பு. அதுவும் அந்நாட்டு வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமை வைத்து. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10.

போடுவதற்கு முன் ஏன் சோதிக்கவில்லை? கிருமிக்குச் சோதித்தார்கள். ஆர்சனிக்கைத் தேட அன்றைக்கு வழக்கமில்லை. அதற்காக மொத்தத் திட்டத்தையே கொலை என்பவர்களோடும் என்னால் சேர முடியவில்லை, அதே வருஷங்களில் பிழைத்த குழந்தைகள் எத்தனையோ. கூட்டிக் கழித்துப் பார்க்கிற கணக்கா இது? தெரிந்த பிறகு எவ்வளவு வேகமாக ஓடினார்கள் என்பதைத்தான் கேட்க முடியும். அந்தப் பெயின்ட் அடிக்கவே அத்தனை வருஷம் ஆனது.

ஜனவரி 21

நம் ஊருக்கு ஆர்சனிக் இல்லை, ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போனால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆழ போர் தண்ணீர் செய்த வேலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனில், 1,928 கோடி ரூபாயில் கட்டி 2013-ல் தொடங்கியது இதற்காகத்தான். உதவிப் பணம் போட்ட போருக்கு மாற்றாக இன்னொரு உதவிப் பணத்தில் காவிரி. வேடிக்கையாகச் சொல்லவில்லை, சரியான முடிவுதான் அது.

ஜனவரி 21, இரவு

தருமபுரி என்றதும் ஞாபகம் வந்தது. காவிரி வருவதற்கு முன்னால் நான் அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் சில வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு ஊரில் ஆர்.ஓ. பிளான்ட் வைத்தோம். ஷெட், டைல்ஸ், கிரானைட்டில் கொடுத்தவர் பெயர். குடம் ஒன்றுக்குச் சில்லறைக் காசு வாங்கிப் பராமரிக்க வேண்டும் என்று கமிட்டி. தண்ணீரை வடிகட்டுகிற மெம்பிரேனை மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது அந்தச் சில்லறை எதற்கும் போதவில்லை. பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டும். நிறுவனத்தைக் கேட்டால், திட்டக் காலம் மார்ச் 31-ல் முடிந்துவிட்டது, ஏப்ரலில் செலவழிக்கத் தலைப்பே இல்லை என்றார்கள். உண்மையிலேயே இல்லை. கணக்கருக்கு அந்த ஊர் மேல் பகையொன்றும் கிடையாது.

அறிக்கைப் படிவத்தில் "நிறுவப்பட்டவை" என்று ஒரு கட்டம் உண்டு. "ஓடிக்கொண்டிருப்பவை" என்ற கட்டம் இல்லை. கேட்டேன். நிதி தருபவர் படிவம், நாம் மாற்ற முடியாது என்றார்கள். ஷெட்டில் பிறகு ரேஷன் மூட்டை வைத்தார்கள் என்று கேள்வி. சரி, அதாவது உபயோகம்.

ஜனவரி 25

யாரோ பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டிருந்தார். நியாயம். தண்ணீர் சுமப்பது பெண்கள், ரிப்பேர் செய்வது ஆண்கள் என்று நான் எழுதியதே அப்படித்தான் ஓடுகிறது.

ராஜஸ்தானில் பான்ஸ்வாடா, துங்கர்பூர் பக்கம் 1980-களின் பிற்பாதியில் ஸ்வச் என்ற திட்டம். யுனிசெஃப், ஸ்வீடன் உதவி. நரம்புச்சிலந்தி நோயை ஒழிக்கத்தான் முக்கியமாக வந்தார்கள். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுப்பதால் பரவுகிற புழு அது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல், 2000-ல் ஒழிந்ததாகச் சான்றிதழ். அந்தத் திட்டத்தில் பழங்குடிப் பெண்களுக்குக் கைப்பம்பு பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா என்ற பெண் கல்வித் திட்டம் மூலம் தலித் பெண்கள் கற்றார்கள். கற்றவர்களுக்குப் பம்பு ரிஜிஸ்டர் எழுதப் படிப்புத் தேவைப்பட்டது. படிக்கத் தொடங்கியவர்கள் கையாலேயே ஒரு செய்திமடல் நடத்தினார்கள். பிறகு 2002-ல் பக்கத்து மாவட்டம் சித்திரகூடத்தில் கிராமப் பெண்களே நடத்தும் கபர் லஹரியா பத்திரிகை வந்ததும் அந்த மண்ணில்தான். பம்பு ஸ்பேனரில் தொடங்கிப் பத்திரிகை வரை போகும் என்று எந்தத் திட்ட அறிக்கையிலும் யாரும் எழுதியிருக்க முடியாது.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. "பெண்கள் செய்தால் பொறுப்பாகச் செய்வார்கள்" என்று சொல்லி, ஆண் மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுத்த வேலையைப் பெண்ணுக்குப் பயிற்சியும் பாராட்டும் மட்டும் கொடுத்து வாங்கிய இடங்களும் இருக்கின்றன.

ஜனவரி 26

பாகம் பற்றிக் கேட்ட நண்பருக்கு: நாலு ஆள் வேலை என்று 9-ஆம் தேதி எழுதியது மார்க் 2-க்கு. அதைத் தவிர்க்கத்தான் மார்க் 3 வந்தது, அதற்கும் 1980-களில் நீண்ட சோதனை கோவையில்தான். பெரிய குழாய் போட்டு, குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை அதன் வழியாக மேலே உருவிவிடலாம். இரண்டு பேர் போதும். ஆனால் அந்தப் பெரிய குழாய்க்குக் காசும் அதிகம், எடையும் அதிகம். ஆழம் கூடினால் கட்டுப்படியாகாது. தோல் வாஷர் போய் ரப்பர் வந்தது இரண்டுக்கும் லாபம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சில இடங்களில் மார்க் 2 ரத்தச் சிவப்பாகத் தண்ணீர் கக்குகிறது என்று ஒருவர் இணைத்த படம்: அது பம்பின் குறையைவிட மண்ணின் குணம். நிலத்தடி நீர் அமிலத்தன்மையாக இருந்தால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைத் தின்றுவிடும். அங்கே ஸ்டெயின்லெஸ் அல்லது பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும். கோவையில் தேறிய பொருள் கானாவிலும் தேறும் என்று அப்படியே கப்பலேற்றியதன் பலன்.

பிப்ரவரி 2

"பல்லடத்தில் இப்போது அந்தப் பம்புகள் ஓடுகிறதா?" நேரடியான கேள்வி. கிட்டத்தட்ட இல்லை.

எதனால் நின்றன என்பதுதான் விஷயம். மார்க் 2 சுமாராக 50 மீட்டர் ஆழம் வரை இழுக்கும், அதற்கு மேல் அடிக்கக் கை தாங்காது. மோட்டார் வந்தது, விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது, எங்கள் பக்கம் போர் இப்போது ஆயிரம் அடிக்கு மேல் போகிறது. பம்பில் ஒரு குறையும் இல்லை, பேரிங் இன்னும் வழுக்கிக்கொண்டு சுற்றும், கீழே தண்ணீர் இல்லை. தலையைக் கழற்றிவிட்டு அதே போரில் மோட்டாரை இறக்கி, மேலே சின்டெக்ஸ் தொட்டி வைத்தார்கள். அதுவும் வற்றிய இடங்களில் கூட்டுக் குடிநீர்க் குழாய்.

அப்படியானால் நான் முதல் நாள் சொன்ன பதில் நிற்குமா? இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது, அதனால் நிற்கும். ஆனால் ஒரு பொருளை எவ்வளவு நன்றாகச் செய்து, பாகம், மெக்கானிக், சம்பளம் எல்லாம் ஏற்பாடு செய்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை ஹெச்.பி. மோட்டார் ஓடலாம் என்பதில் எந்த உதவி நிறுவனமும் வாயைத் திறக்காது. அது அரசியல். திறந்தால் விசா இருக்காது. தண்ணீர்த் திட்டங்கள் எல்லாம் குழாய்த் திட்டங்களாகவே இருப்பதன் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 3

விசா பற்றிய வரிக்குப் பயங்கர எதிர்ப்பு. அந்த வரி இருக்கட்டும்.

பிப்ரவரி 8

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "ஒன்று கேட்டேன், பாதி வற்றிய ஒன்று கிடைத்தது" என்கிறார். சரி, இன்னொன்று. வங்கதேசத்திலேயே. 1980-லிருந்து பத்து வருஷம் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்குக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். பாக்கெட் வாங்க வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம். 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனார்கள்.

எனக்குப் பிடித்தது சம்பள முறை. ஊழியர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்று பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய், அந்த வீடுகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி, அம்மாவை என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பார், கரைசலைச் செய்துகாட்டச் சொல்வார். அம்மாக்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்களோ அவ்வளவுதான் ஊழியருக்குக் காசு. தருமபுரியில் நாங்கள் நடத்திய பயிற்சி முகாம்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, டீயும் வடையும் கொடுத்து, பேனர் முன்னால் நிற்கவைத்து ஒரு படம். அடுத்த மாதம் போய் யாரையும் எதையும் கேட்டதில்லை. அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.